ஒரே அடுப்பில் இரண்டு காற்று

“அடுப்பில் காற்றே சரியாக வரமாட்டேன் என்கிறது.”

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்றொரு சிறு மாநிலம். அதன் தென்மேற்கு மூலையில் மொனாட்நாக் மலை. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் அக்டோபர் முடிந்து குளிர் இறங்கியதும், பெல்லட் அடுப்பு மெக்கானிக் ஒருவரின் தொலைபேசியில் மறுபடி மறுபடி வரும் புகார் இது. பல ஆண்டுகளாக அந்த வட்டாரத்தில் இதே வேலையாக இருப்பவர் அவர். புகாரைக் கேட்டதும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எந்தக் காற்று?”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சிருக்காது. அடுப்புக்குள் இரண்டு காற்று ஓடுகிறது என்பதே பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனிப் பாதை, தனித்தனிக் கோளாறுகள். எது மந்தம் என்று தெரியாமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால் பாதி நாள் வீண். கடைக்குப் போய்ப் புது மோட்டார் வாங்கிவந்துவிட்டால் பணமும் வீண்.

பெல்லட் அடுப்பு சமையலுக்கானதல்ல. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கென்று கூடத்தில் வைக்கும் இரும்புக் கணப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சித் துண்டுகள்தான் பெல்லட். பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறும்போது அதுவே தூளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. 40 பவுண்டு, அதாவது 18 கிலோ மூட்டையாக விற்பார்கள். கடுங்குளிரில் நாளுக்கு ஒரு மூட்டை போகும். அடுப்பின் பின்புறத் தொட்டியில் கொட்டிவிட்டால், ஒரு திருகுத்தண்டு மெதுவாகச் சுழன்று, சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் பெல்லட்டைப் போட்டுக்கொண்டே இருக்கும். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மாற்று எரிபொருள் தேடிய காலத்தில், போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெர்ரி விட்ஃபீல்டு என்ற பொறியாளர், வீட்டுக்கேற்ற பெல்லட் அடுப்பை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார். விமானத் துறையிலிருந்து வந்தவர் செய்த அடுப்பு என்பதாலோ என்னவோ, அதில் நெருப்பைவிடக் காற்றுக்குத்தான் வேலை அதிகம்.

தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் மரத்தூள் அடுப்பு இருந்தது. மர அறுவை மில்லில் மூட்டையாக வாங்கிவந்த தூளை, நடுவில் ஒரு பாட்டிலையோ உருட்டுக்கட்டையையோ நிறுத்தி, சுற்றிலும் கெட்டியாக இடித்து நிரப்புவார்கள். பிறகு கட்டையை மெல்லத் திருகி உருவுவார்கள். நடுவில் விழும் அந்தத் துளை சரிந்துபோனால் அடுப்பு எரியாது, வீடெல்லாம் புகைதான். பெல்லட் அடுப்பில் அந்தத் துளையின் வேலையை ஒரு மின்விசிறி செய்கிறது. அதைப் புகை புளோயர் என்று வைத்துக்கொள்ளலாம். அது நெருப்பை ஊதுவதில்லை, இழுக்கிறது. தீயறையில் இருக்கும் காற்றையும் புகையையும் உறிஞ்சி, சுவரைத் துளைத்துப் போகும் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. அந்த இழுப்பில், எரிகிண்ணத்தின் அடித்துளைகள் வழியாகப் புதுக் காற்று உள்ளே வந்து நெருப்பை எழுப்புகிறது.

இரண்டாவது, அறை புளோயர். கூடத்துக் காற்றைக் கீழே உறிஞ்சி, தீயறையை ஒட்டியுள்ள இரும்புக் குழாய்களுக்குள் செலுத்தி, சூடேற்றி, முன்பக்கமாக மறுபடி கூடத்துக்கே அனுப்புவது இது. இந்தக் காற்றும் புகையும் எந்த இடத்திலும் சந்திப்பதில்லை. நடுவில் நிற்பது இரும்புச் சுவர் ஒன்றுதான்.

ஆகவே தொலைபேசியிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். தீ பளிச்சென்று மஞ்சளும் வெள்ளையுமாகத் துள்ளி எரிகிறது, ஆனால் கூடம் சூடாகவில்லை, அடுப்பின் உடம்பு மட்டும் கொதிக்கிறது, அரைமணி நேரத்தில் தானாகவே அணைந்தும் விடுகிறது என்றால் அறை புளோயரின் பக்கம் பார்க்க வேண்டும். தீ நீண்டு, செம்மஞ்சளாகி, சோம்பலாக ஆடுகிறது, நுனியில் கரி பறக்கிறது, காலையில் துடைத்த கண்ணாடி மாலைக்குள் கறுத்துப்போகிறது, எரிகிண்ணத்தில் எரியாத பெல்லட் குவிகிறது என்றால் புகைப் பாதையில் கோளாறு. “தீயின் நிறம் என்ன?” என்று அவர் கேட்பார். சிலர் எரிச்சலோடுதான் பதில் சொல்வார்கள். வீடு குளிர்ந்து கிடக்கும்போது நிறம் விசாரிப்பவர்மீது கோபம் வருவது இயல்பே.

முதலில் அறை புளோயர்.

பீட்டர்பரோ பக்கம் ஒரு வீடு. வயதான தம்பதி, இரண்டு பெரிய நாய்கள். அடுப்பிலிருந்து வரும் காற்று மெழுகுவத்தியைக்கூட அணைக்காது என்ற நிலை. கணவர் ஓய்வுபெற்றவர், கைவேலை தெரிந்தவர். மோட்டார் களைத்துவிட்டது என்று தானே முடிவுசெய்து, இருநூறு டாலருக்கு மேல் கொடுத்துப் புது புளோயர் வரவழைத்து வைத்திருந்தார். மாட்டுவதற்கு மட்டும் ஆள் வேண்டும்.

“அந்தப் பெட்டியைப் பிரித்துவிட்டீர்களா?” என்று கேட்டார் மெக்கானிக்.

“இல்லை. ஏன்?”

“அப்படியே இருக்கட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.”

பிளக்கைப் பிடுங்கி, அடுப்பை முன்னால் இழுத்து, பின்தகட்டைக் கழற்றினார். அறை புளோயர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். வீட்டிலுள்ள தூசி, நாய் மயிர், கம்பளத்தின் நூல், பெல்லட் மூட்டையிலிருந்து பறக்கும் தூள் எல்லாம் அதன் வாய்க்குத்தான் வந்துசேரும். நான்கு போல்ட்டைக் கழற்றி புளோயரை வெளியே எடுத்தபோது, காற்றுறிஞ்சும் வாயில் சாம்பல் நிறத்தில் கம்பளிபோல ஒரு படலம் ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுத்ததும் வீட்டுக்காரர், “இவ்வளவுதானா?” என்றார். அது இல்லை. அசல் பிரச்சினை உள்ளே இருந்தது.

இந்த புளோயர்களின் சக்கரம் சாதாரண ஃபேன் இறக்கை மாதிரி இருக்காது. ஓர் உருளையின் விளிம்பைச் சுற்றிலும் சிறுசிறு தகட்டு இதழ்கள், ஒவ்வொன்றும் முன்பக்கம் குழிந்து வளைந்திருக்கும். அந்தக் குழிவுதான் காற்றை வாரி எறிகிறது. அதில் தூசி படிந்து நிரம்பிவிட்டால் வளைந்த இதழ் தட்டையாகிவிடும். சக்கரம் சுற்றும், காற்று நகராது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தள்ளுவதற்குக் காற்று குறைந்தால் மோட்டாரின் சுமையும் குறைகிறது. அதனால் மோட்டார் தடுமாறுவதில்லை. முன்பைவிடச் சற்று வேகமாகவே, மெல்லிய ஓசையோடு சுற்றும். ஆம்பியர் அளந்தால் அளவு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருக்கும். ‘சத்தம் நன்றாகத்தான் வருகிறது, காற்றுதான் இல்லை’ என்று யாராவது சொன்னால், மெக்கானிக் பையில் முதலில் எடுத்துவைப்பது பழைய பெயின்ட் பிரஷ்.

பீட்டர்பரோ வீட்டில் வாசல் திண்ணைக்கு புளோயரைக் கொண்டுபோய், ஒவ்வோர் இதழாகப் பிரஷ்ஷால் வழித்தார். காற்றழுத்த டப்பாவால் ஊதும்போது சக்கரத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். விட்டால் அது கட்டுமீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுக்கும். ஓர் இதழில் சிறு உலோக கிளிப் ஒன்று செருகியிருந்தது. வீட்டுக்காரர் அதைக் குப்பை என்று நினைத்து நகத்தால் நெம்பப் போனார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தொழிற்சாலையில் சக்கரத்தின் எடையைச் சமன்செய்ய வைத்த கிளிப் அது. அதை எடுத்தால் சக்கரம் ஆட்டம் காணும், அடுப்பு அதிரும், சில மாதத்தில் பேரிங் போய்விடும்.

அடியில் இருந்த பழைய கேஸ்கட் நைந்துபோயிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிது வைத்து மாட்டினார். அங்கே இடைவெளி இருந்தால், தள்ளிய காற்றில் ஒரு பங்கு அடுப்பின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அன்று மாலை கூடத்தின் மறுகோடியில் இருந்த சாய்வு நாற்காலியில் சூடு தெரிந்தது. புது புளோயர் பெட்டி பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது.

அறை புளோயர் மந்தமானால் அடுப்பு ஏன் தானாக அணைகிறது? அடுப்பின் உடம்பில் நாணயம் அளவில் வட்டமான வெப்ப சுவிட்சுகள் சில உண்டு. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய தகடு. குறிப்பிட்ட சூட்டில் ‘டக்’கென்று வளைந்து மின்சாரத்தை இணைக்கும், அல்லது துண்டிக்கும். அவற்றில் ஒன்று, சூடு எல்லை மீறினால் பெல்லட் போடும் திருகை நிறுத்திவிடும். அறைக்காற்று சூட்டை எடுத்துப் போகாவிட்டால் இரும்பு கொதித்து இந்த சுவிட்ச் வேலை செய்கிறது. வீட்டுக்காரர் சொல்வதோ, ‘அடுப்பு அடிக்கடி அணைகிறது’ என்று. அதைக் கேட்டுக் கண்ட்ரோல் போர்டை மாற்றியவர்கள் உண்டு. இந்த சுவிட்சைக் கம்பியால் நிரந்தரமாக இணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று போனவர்களும் உண்டு. அது குற்றம். வீட்டையும் அதில் தூங்குபவர்களையும் காக்கும் பொருள் அது.

சில அடுப்புகளில் இன்னொரு வெப்ப சுவிட்ச், இரும்பு போதிய அளவு சூடான பிறகுதான் அறை புளோயரை ஓடவிடும். ஆகவே மூட்டிய முதல் பத்து நிமிடம் காற்று வராமல் இருப்பது கோளாறு இல்லை. புதிதாக அடுப்பு வாங்கியவர்களுக்கு இதைத் தொலைபேசியிலேயே சொல்லி, பயணச் செலவைத் தவிர்த்துவிடுவார் மெக்கானிக்.

சக்கரமும் சுத்தம், வழியும் சுத்தம், காற்று மட்டும் இல்லை என்றால் அடுத்தது கைச்சோதனை. மின்சாரம் இல்லாதபோது சக்கரத்தை விரலால் சுண்டினால் சில சுற்று தானே ஓடி நிற்க வேண்டும். உடனே நின்றால் பேரிங் வறண்டிருக்கிறது. எண்ணெய்த் துளை உள்ள மோட்டார்களுக்குச் சில துளி மெல்லிய மோட்டார் எண்ணெய் போதும். மூடிய பேரிங் என்றால் எண்ணெய் விடுவதில் பயனில்லை. சுண்டும்போது சக்கரம் மட்டும் சுற்றித் தண்டு பின்தங்குகிறதா என்றும் பார்ப்பார். அப்படியென்றால் சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். கெப்பாசிட்டர் உள்ள மோட்டாரில் அது வலுவிழந்தால் ஓட்டம் சோர்ந்துபோகும். சில டாலர் பொருள்.

இத்தனையும் சரியென்றால்தான் மல்ட்டிமீட்டர் வெளியே வரும். அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். கண்ட்ரோல் போர்டு அந்த மின் அலையின் ஒரு பகுதியை வெட்டி அனுப்பித்தான் புளோயரின் வேகத்தைக் குறைக்கிறது. வேகத்தை உச்சத்தில் வைத்தும் மோட்டார் முனையில் முழு வோல்ட் வரவில்லை என்றால் போர்டில் கோளாறு. வருகிறது, ஆனாலும் மோட்டார் தவழ்கிறது என்றால் அப்போதுதான் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். மெக்கானிக்கின் அனுபவத்தில் மோட்டார் கடைசிச் சந்தேக நபர். கடைகளும் வீட்டுக்காரர்களும் அதை முதல் ஆளாக நிறுத்துவதுதான் இந்தத் தொழிலில் அவரை வருத்தும் விஷயம்.

புகைப் பாதையின் கதை வேறு. அங்கே எதிரி சாம்பல்.

முதல்தரப் பெல்லட்டில் சாம்பல் 1 சதவீதத்துக்குள் இருக்கும். கேட்கக் குறைவுதான். 50 மூட்டை, அதாவது ஓர் அமெரிக்க டன், எரிந்தால் அரை சதவீதக் கணக்கிலேயே நாலரைக் கிலோ சாம்பல் மிஞ்சும். ஒரு குளிர்காலத்துக்கு மூன்று டன் எரிக்கும் வீடுகள் சகஜம். கனமான சாம்பல் கீழே தட்டில் விழும். அதைத்தான் வீட்டுக்காரர் அள்ளிப் போடுகிறார். முகப்பவுடரைவிட நுண்ணிய பறக்கும் சாம்பல், தீயறையின் பின்தகட்டுக்கு அப்பால் போய், கண்ணுக்குத் தெரியாத திருப்பங்களில் படிகிறது. ‘வாரம் தவறாமல் சுத்தம் செய்கிறேன்’ என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் சுத்தம் செய்வது கண்ணாடிக்கு இந்தப்பக்கம் தெரியும் பகுதியை.

சோதனை எரிகிண்ணத்தில் தொடங்கும். மரப்பட்டை அதிகமாகக் கலந்த பெல்லட்டோ மண் கலந்ததோ எரிந்தால், சாம்பல் உருகிக் கண்ணாடிக்கட்டிபோல இறுகி அடித்துளைகளை அடைத்துவிடும். கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எத்தனை துளை அடைபட்டது என்று தெரியும். அதே அளவு டிரில் பிட்டைக் கையால் திருகித் துளையைத் திறப்பார் அவர். மெஷினில் மாட்டிச் சுற்றினால் துளை பெரிதாகிவிடும். பிறகு காற்றின் அளவே மாறிப்போகும்.

அடுத்தது கதவு. ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். எதிர்ப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிறு கேஸ்கட் அமுங்கிப்போயிருக்கிறது. புகை புளோயரின் இழுப்புக்கு எரிகிண்ணம் வழியாக வர வேண்டிய காற்று இந்த இடுக்கு வழியாகச் சுலபமாக வந்துவிடும். தீக்குக் காற்று கிடைக்காது.

பிறகு பின்தகடு. அதைக் கழற்றி, பக்கச் சுவர்களை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே சாம்பல் மணல் சரிவதுபோலச் சரசரக்கும். அந்த ஓசை நிற்கும்வரை தட்டுவார். கீழே இரண்டு பக்கமும் சாம்பல் அறைகள் உண்டு. அவற்றின் மூடிகளை வாங்கிய நாள்முதல் திறக்காத வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். புகை புளோயரின் சக்கரத்தில் படிவது தூசி அல்ல, கெட்டிப்பட்ட கரி. தூரிகைக்கு வராது, சுரண்ட வேண்டும். சிலவற்றில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு இடது மரை கொண்டது. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும்.

எல்லாவற்றுக்கும் பிறகு லீஃப் புளோயர். தோட்டத்து இலைகளை ஊதித் தள்ளும் கருவி. உறிஞ்சும் வசதியுள்ளதை வீட்டுக்கு வெளியே புகைக்குழாயின் வாயில் பொருத்தி ஓடவிட்டு, உள்ளே ஒருவர் அடுப்புச் சுவர்களைத் தட்டிக்கொண்டிருப்பார். வெளியே சாம்பல் மேகமாகக் கிளம்பும். முற்றத்துப் பனி கொஞ்ச தூரத்துக்குக் கறுத்துப்போகும். மூன்று குளிர்காலத்துப் படிவு சில நிமிடத்தில் வெளியேறுவதைப் பார்த்து வாயடைத்து நின்றவர்கள் பலர். இதற்கு ஒரே நிபந்தனை, அடுப்பு முழுதாக ஆறியிருக்க வேண்டும். சாம்பலுக்குள் ஒரு கங்கு கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். வீட்டு வாக்குவம் கிளீனரால் அடுப்புச் சாம்பலை உறிஞ்சக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான்.

தீயறையின் இழுப்பை அளந்து அறிய ஒரு வெற்றிட சுவிட்ச் உண்டு. சிறு ரப்பர் குழாய் அதைத் தீயறையோடு இணைக்கும். குழாயின் முனையில் சாம்பல் அடைத்தால், இழுப்பு நன்றாக இருந்தும் அது இல்லையென்று சுவிட்ச் நினைத்துப் பெல்லட்டை நிறுத்திவிடும். முனையைக் கம்பியால் குத்தித் திறந்தால் போதும். குழாயை வாயில் வைத்து சுவிட்ச் பக்கமாக ஊதிவிட்டால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கெட்டுவிடும்.

சில வீடுகளில் கோளாறு அடுப்பிலேயே இருக்காது. கீன் நகரத்துக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீடு ஒன்று, இளம் தம்பதி. வார நாட்களில் தீ நன்றாக எரிகிறது, சனிக்கிழமை மட்டும் கண்ணாடி கறுக்கிறது. அடுப்பைப் பிரித்துப் பார்த்தாயிற்று, எல்லாம் சுத்தம். மெக்கானிக் ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் உள்ளறையில் துணி உலர்த்தும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. தீ மெல்லச் சாய்ந்து செம்மஞ்சளாயிற்று. அவர் எழுந்துபோய் ஜன்னலை ஓர் அங்குலம் தூக்கினார். ஒரு நிமிடத்துக்குள் தீ நிமிர்ந்தது.

சூடு வெளியே போகாதபடி இறுக்கமாகக் கட்டிய வீடு அது. துணி உலர்த்தும் இயந்திரமும் சமையலறை எக்ஸாஸ்ட்டும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகின்றன. அடுப்பும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. மூன்றும் போட்டியிட்டால் அடுப்பு தோற்கும். சனிக்கிழமை அந்த வீட்டில் துணி துவைக்கும் நாள். தீர்வு, வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் ஒரு குழாய். அதன் வெளிவாய்க்கு வலை போட மறக்கக் கூடாது. கோடையில் சுண்டெலிகள் அதற்குள் கூடு கட்டிவிடும். அக்டோபரில் மறுபடி ‘காற்று வரவில்லை’.

புகைக்குழாயின் நீளமும் இப்படித்தான். 90 பாகை வளைவு, ‘டி’ இணைப்பு ஒவ்வொன்றையும் 5 அடியாகவும், 45 பாகையை 3 அடியாகவும், படுக்கைவாட்டில் ஓரடியை ஓரடியாகவும், செங்குத்தில் ஓரடியை அரை அடியாகவும் எண்ணுவது தொழிலில் உள்ள கணக்கு. மொத்தம் 15 அடியைத் தாண்டினால் 3 அங்குலக் குழாய் போதாது, 4 அங்குலம் வேண்டும். அடுப்புக்குப் பின்னால் ஒரு ‘டி’ இணைப்பு, 8 அடி செங்குத்து, ஒரு வளைவு, 4 அடி படுக்கை என்று 3 அங்குலத்தில் போட்ட வீட்டில் கணக்கு 18 வந்தது. அங்கே எந்த புளோயரை மாற்றினாலும் தீ எழுந்திருக்காது. இணைப்புகளில் சீல் விட்டுப்போனால் ஆபத்து வேறு. புளோயருக்கு முன்னால் இழுப்பு என்றால், அதற்குப் பின்னால் குழாயில் அழுத்தம். இடுக்கு வழியாகப் புகை கூடத்துக்கு வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. படுக்கையறைக்கு வெளியே அதற்கான அலாரம் இல்லாத வீட்டில் அடுப்பை மூட்டிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் விதி.

அடுப்பும் குழாயும் சரியாக இருந்தாலும், மின்சாரம் போனால் காற்று நின்றுவிடும். 2008ஐ அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. கோடையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. எண்ணெயால் வீட்டைச் சூடாக்கிவந்தவர்கள் பெல்லட் அடுப்புக் கடைகளில் வரிசை கட்டினார்கள். டிசம்பர் 11ஆம் தேதி இரவு பனிமழை பெய்து, மரங்கள் முறிந்து, கம்பிகள் அறுந்து, நியூ ஹாம்ப்ஷயரில் லட்சக்கணக்கான இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. பல இடங்களில் நாட்கணக்கில் வரவில்லை. தொட்டி நிறையப் பெல்லட் இருந்தும் அடுப்புகள் குளிர்ந்து நின்றன. இரண்டு புளோயரும் திருகும் ஓட 100 வாட் அளவு மின்சாரம் வேண்டுமே.

அதற்குப் பிறகு பலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி வைத்தார்கள். அதிலிருந்து புதுவகைப் புகார் கிளம்பியது. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் மின் அலை படிக்கட்டுபோல உடைந்திருக்கும். அதில் புளோயர் மோட்டார் ரீங்கரிக்கும், சூடேறும், மெதுவாக ஓடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டும் குழம்பும். சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்கும்படி அவர் சொல்வார். விலை கூடத்தான். புளோயரும் போர்டும் சேர்ந்து போவதைவிடக் குறைவு.

பெல்லட் அடுப்பு வைத்திருப்பவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது ஒன்று. சுத்தம் செய்வதை அக்டோபருக்குத் தள்ளிவைக்காதீர்கள். ஏப்ரல் கடைசியில் அடுப்பை அணைத்ததும் அந்த வாரமே தொட்டியைக் காலிசெய்து, திருகிலுள்ள பெல்லட்டையும் எரித்துத் தீர்த்து, சாம்பலை முழுதாக எடுத்துவிடுங்கள். கோடையின் ஈரத்தைச் சாம்பல் உறிஞ்சிக்கொண்டால் இரும்பு அரிக்கும், புகை புளோயரின் பேரிங் துருப்பிடித்து இறுகும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதானாலும் அப்போதே கூப்பிடுங்கள். முதல் குளிர் வந்த பிறகு கூப்பிட்டால் அவர் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். மே மாதத்தில் கூப்பிட்டால் அநேகமாக மறுநாளே வந்துவிடுவார்.